யாரும் நிறுக்காத எடை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் வாயாடிக் கொழுந்தியாள் எழுதுவது. முதலில் இதைப் படித்துக்கொள்ளுங்கள்: குழந்தை இருக்கிறாள், நன்றாக மூச்சு விடுகிறாள், அக்காவும் இருக்கிறாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

தினமும் அக்கா கப்பல் ஆபீஸ் வழியாக உங்களுக்கு அனுப்பும் எடை சில நாட்களாக வரவில்லை. நீங்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்தும் அவள் பதில் போடவில்லை. கடைசியில் எனக்கு, "என்னதான் நடக்குது அங்க?" என்று அனுப்பியிருந்தீர்கள். ஒரு வரியில் அடங்குகிற சமாசாரமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆளுக்கு ஒரு வரிக்கு மேல் கூடாது என்று உங்கள் கப்பலில் சட்டம். அதனால் சாமான் கொண்டுவரும் படகில் இந்தக் கடிதத்தை ஏற்றி அனுப்புகிறேன். காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் கசங்கி வந்தால் மன்னியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டாள், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அக்கா அனுப்பினாளே, நீங்கள் கப்பல் முழுக்கச் சாக்லேட் கொடுத்தீர்களே, அந்த எடை உண்மையில்லை அத்தான். அக்கா பொய் சொல்லவில்லை. நர்ஸ் சொல்லவில்லை, டாக்டரம்மாவும் சொல்லவில்லை. யாருமே பொய் சொல்லாமல் ஒரு பொய் பிறந்து வளர்ந்திருக்கிறது. அது எப்படி என்று உங்களுக்குப் புரிந்தால்தான் அக்கா ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்பதும் புரியும்.

என் வேலை என்னவென்று உங்கள் கல்யாணத்தன்றைக்கே கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என்றேன், நீங்களும் மரியாதைக்குத் தலையாட்டினீர்கள். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். இங்கே ஒரே பெரிய கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. சின்னச் சின்னதாக நிறைய இருக்கின்றன, சர்வீஸ் என்போம். ஒன்று பாலுக்கும் சலைனுக்கும் கணக்குப் போடும். ஒன்று மருந்தைப் பார்க்கும். ஒன்று எல்லாவற்றையும் தொகுத்துத் தொட்டிலுக்கு மேலே இருக்கும் திரையில் காட்டும். தனக்கு வேண்டியதை ஒன்று இன்னொன்றிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்டால் மறுக்காமல் கொடுக்கும். ஆனால் தான் அதை எங்கே வாங்கியது என்று சொல்லவேண்டிய கட்டாயம் எதற்கும் கிடையாது.

அந்தக் கட்டாயத்தைக் கொண்டுவருவதுதான் என் வேலை. யார் அளந்தார்கள், எதில் அளந்தார்கள், வழியில் யார் யார் கை வைத்தார்கள் என்று ஒவ்வொரு எண்ணோடும் அதன் பூர்வீகமும் சேர்ந்து பயணம் போகவேண்டும். ஆபீசில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. "நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதும்பாங்க, இந்தம்மாவுக்கு அதைப் பாக்கறதுக்குத்தான் சம்பளம்" என்பார்கள். மருந்து சர்வீஸ்களுக்கு மட்டும் முடித்திருந்தேன். குழந்தைகள் வார்டு இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

பூர்வீகம் இல்லாத தகவல் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? உங்களைப் பற்றி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் தகவலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சித்தப்பா யாரிடமோ, "பையன் கப்பல்ல வேலை பாக்கறான்" என்றார். கேட்டவர் அடுத்தவரிடம் கப்பலில் நல்ல வேலையாம் என்றார். அவர் பெரிய ஆபீசராம் என்றார். எங்கள் அத்தை காதுக்கு வந்து சேர்ந்தபோது நீங்கள் கேப்டன். யாரும் மனமறிந்து பொய் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு பிடி பிரியத்தைக் கூடப் போட்டார்கள், அவ்வளவுதான். அக்கா கேப்டனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள், எலக்ட்ரீஷியன் வந்து இறங்கினார். வந்த அன்றைக்கே எங்கள் கூடத்து மின்விசிறியைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்ததால் தப்பித்தீர்கள்.

இப்போது குழந்தைக்கு வருகிறேன். அக்காவின் போனில் தினமும் எடை வரும், அதைத்தான் உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். மகள் ஏறுகிற ஏற்றத்தை ஒரு படமாக வரைந்து அனுப்பினால் நீங்கள் படுக்கைக்கு மேலே ஒட்டிக்கொள்வீர்களே என்று எடைகளையெல்லாம் எடுத்துப் புள்ளி வைத்தேன். முதல் பாதி நன்றாக இருந்தது, அதாவது கோணல்மாணலாக இருந்தது. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும், ஒரு நாள் உங்கள் பிடிவாதத்தோடு அப்படியே நிற்கும். பிறகு வயிறு உப்பிக்கொண்டது என்று பாலை நிறுத்தினார்களே, அந்த நாளிலிருந்து கோடு அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல் நேராக ஏறியது. பால் இல்லாத நாளிலும் ஏறியிருந்தது. சாப்பிடாமலே எடை கூடுகிற வரம் நம் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்காமலே எடைகளை மறுபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

அப்போது அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பை தயாராகிக்கொண்டிருந்தது. போன முறை குழந்தை தங்காமல் போய், வாங்கிய துணிகளைப் பிரிக்காமலே கொடுத்துவிட்டோமே, அதன்பிறகு அவள் இப்படி உட்கார்ந்து ஒரு துணி மடித்து நான் பார்த்ததில்லை. அரைகுறையாகத் தெரிந்ததை அவளிடம் எப்படிச் சொல்வது? காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆபீசில் முதல் வேலையாகக் கொக்கிடம் போனேன். கொக்கு என்பது எங்கள் மேலாளர். நெட்டையான உடம்பு, சுவரில் ஒரு காலை மடித்து ஊன்றி நிற்கும் பழக்கம், எதற்கும் அவசரப்படாத குணம், எல்லாம் பொருந்தும். "உங்க அக்கா குழந்தைங்கறதால உனக்குப் பதட்டம். ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம்" என்றார். ரெண்டு நாளில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னேன். கொக்கு இரண்டு காலையும் தரையில் வைத்தார்.

இருவரும் உட்கார்ந்து அந்த எடையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தோம். திரையைக் கேட்டால் தொகுக்கும் சர்வீஸைக் கை காட்டியது. தொகுக்கும் சர்வீஸ் பால் கணக்கு சர்வீஸைக் காட்டியது. அதற்கு எடை தெரியாமல் ஒரு சொட்டுப் பாலோ சலைனோ கணக்குப் போட வராது. பால் நிறுத்திய அன்று குழந்தையை அசைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால் நர்ஸ் எடை போடவில்லை. அது சரியான காரியம். எடை இல்லாமல் கணக்கு நின்றுவிடக் கூடாதே என்று, ஓரத்தில் இருக்கும் இன்னொரு சர்வீஸ், இந்த வயதுக் குறைமாதக் குழந்தை இன்றைக்கு இவ்வளவு இருக்கலாம் என்று ஓர் எண்ணைக் கொடுத்தது. அதுவும் சரிதான். கூடவே 'உத்தேசம்' என்று குறிப்பும் வைத்துத்தான் கொடுத்தது. ஆனால் தொகுக்கும் சர்வீஸுக்கு எண்ணையும் தேதியையும் வாங்கிக்கொள்ள மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 'உத்தேசம்' என்ற சொல்லை வைக்க அதனிடம் இடமே இல்லை. அதைக் கீழே போட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அதோடு நின்றிருந்தால் ஒரு நாள் தவறாகப் போயிருக்கும். இன்றைய எடை திரையில் இருந்தால், எடை போடு என்று நர்ஸுக்கு வரவேண்டிய நினைவூட்டல் தானாக மறைந்துவிடும். பால் மறுபடி தொடங்கிய பிறகும் விடிவதற்குள் உத்தேசம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. போன ஷிப்டில் வந்தவள் போட்டிருப்பாள் என்று இந்த ஷிப்டுக்காரி நினைக்கிறாள், அவள் இவளை நினைக்கிறாள். யாரும் போடாததால் மறுநாளும் ஓர் உத்தேசம், அது நேற்றைய உத்தேசத்தின் தோளில் ஏறி நிற்கும். குழந்தை தொட்டிலில் ஒரு பக்கம் கிடந்தாள், அவள் எடை திரையில் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது.

கொக்கு வார்டுக்குப் போன் செய்துகொண்டிருக்கும்போதே நான் மாடிக்கு ஓடினேன். அக்கா அப்போது அங்கே இல்லை. குழந்தைக்கு ஒரு குல்லாய் வாங்கிவரக் கடைக்குப் போயிருந்தாள். கண்ணாடி போட்ட சிஸ்டர் ஒருவர் குழந்தையை எடுத்துத் தராசில் வைத்தார். ஒரு கிலோ எழுநூறுகூட இல்லை. சிஸ்டர் தராசை அணைத்துவிட்டு மறுபடி போட்டார், அதே எண்தான். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குழந்தையைத்தான் பார்த்தேன். திரையில் எண்ணைப் பார்த்துப் பார்த்து அவள் கால் இவ்வளவு ஒல்லி என்பதை நாங்கள் யாருமே பார்க்கவில்லை அத்தான். 

டாக்டரம்மா வந்து சோதித்தார். பால் உறிஞ்சும்போதே அவள் களைத்துப்போகிறாளாம். உள்ளே போவதைவிட உறிஞ்சுவதற்கே அதிகம் செலவாகிறதாம்.  களைப்புத் தெரியாமல் இருக்க மறுபடியும் மூக்கு வழியாகக் குழாய் வைத்து ஊட்டுகிறார்கள்.

குல்லாயோடு அக்கா வந்தபோது தொட்டிலைச் சுற்றி இத்தனை பேர். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து, "நேத்தே தெரியுமாடி உனக்கு? நான் துணி மடிச்சப்ப எதிர்லதான உக்காந்திருந்தே?" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. நான் வைக்கும் தண்ணீரைக் குடிக்கிறாள், நான் கொடுக்கும் சீப்பை வாங்குகிறாள், பேச்சுதான் இல்லை.

திரையின்மேல் குழந்தையின் துண்டைப் போட்டு மூடியிருக்கிறாள். நர்ஸ்கள் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர்களே மறுபடி மூடிவிட்டுப் போகிறார்கள். அம்மா கொண்டுவரும் சாப்பாடு வந்த மாதிரியே திரும்புகிறது. உங்கள் கேள்விக்கு அவள் ஏன் பதில் போடவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். அவளால் இனி ஓர் எண்ணைத் தன் கையால் எழுத முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் செய்யுங்கள். அக்காவுக்கு எழுதும்போது எடை என்ன என்று கேட்காதீர்கள். உங்கள் அம்மா, என் அம்மா, மாடிவீட்டுக்காரர்கள், நான் எல்லோரும் அவளிடம் இதுவரை கேட்டது அது ஒன்றைத்தான். நீ சாப்பிட்டாயா என்று கேளுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் ஒற்றை வரியை அதற்குச் செலவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் கை வைக்கும்போது எங்களை நினைத்துக்கொண்டு நிற்காதீர்கள், வேலையை மட்டும் நினையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தியாள்


அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதம் கிடைக்கும்போது கடல் அமைதியாக இருக்கட்டும், உங்களுக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைத்திருக்கட்டும்.

நான் கேட்டபடியே அக்காவுக்கு எழுதியிருக்கிறீர்கள். என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது, அவள் காட்டவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவிடம், "டப்பால என்ன இருக்கு?" என்று கேட்டாள். அம்மா பரபரத்துப் பரிமாறியதில் பாதி தரையில். அக்கா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். கேப்டனாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை அத்தான், நீங்கள் கெட்டிக்காரர்தான்.

ஆபீசில் நடந்ததையும் சொல்கிறேன். கொக்கு எல்லாக் குழுக்களையும் ஒரே அறைக்குள் கூப்பிட்டுவிட்டார். நாற்காலி போதாமல் சிலர் ஜன்னல் விளிம்பில். உத்தேசம் கொடுக்கிறவர்கள், நாங்கள் குறிப்பு வைத்துத்தான் கொடுத்தோம் என்றார்கள். பால் கணக்குக்காரர்கள், எங்கள் கணக்கில் பிசகு இல்லை என்றார்கள். தொகுக்கிறவர்கள், எங்களிடம் கேட்டதைத்தானே கொடுத்தோம் என்றார்கள். நினைவூட்டல்காரர், எடை இருந்தால் மறை என்று எழுதித்தந்தது வார்டுதான் என்றார். ஒவ்வொருவர் சொன்னதும் உண்மை. எனக்குத் தாங்கவில்லை. "அப்ப எல்லாரும் சரி, குழந்தைதான் தப்புன்னு எழுதிடலாமா?" என்று கேட்டுவிட்டேன்.  ஆபீசில் அழக்கூடாது என்று வைத்திருந்த கொள்கை அன்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு யாரும் கிண்டல் செய்யவில்லை. இப்போது குழந்தைகள் வார்டில் எந்த எடையும் பூர்வீகம் இல்லாமல் வாசல் தாண்ட முடியாது. தராசில் அளந்ததா உத்தேசமா, அளந்தது யார் என்பது எண்ணோடு ஒட்டிக்கொண்டே திரைவரை வரும். குறிப்பு இல்லாமல் வருவதைத் தொகுக்கும் சர்வீஸ் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடும். உத்தேசம் எவ்வளவு வந்து உட்கார்ந்தாலும் நர்ஸுக்கு வரும் நினைவூட்டல் மறையாது. மற்றக் குழந்தைகளையும் நிறுத்துப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்விட்ட இரண்டு பேரையும் வரவழைத்தார்கள். இரண்டும் கொழுகொழு. அதில் ஒன்று உத்தேசத்தையே மிஞ்சி ஊதியிருந்தது, அதன் அப்பா எங்கள் எல்லோரையும் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

நம்முடையவள் அவ்வளவு தாராளம் இல்லை. குழாய் வைத்த பிறகும் முதலில் கொஞ்சம் இறங்கினாள். அக்கா துண்டை எடுக்கவே இல்லை. நர்ஸ் யார் வந்தாலும், எப்போது போட்டீர்கள், யார் போட்டீர்கள், நீங்களே பார்த்தீர்களா என்று குறுக்கு விசாரணை. என் வேலையை அவள் என்னைவிட நன்றாகச் செய்கிறாள். பாவம், நர்ஸ்கள் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். கண்ணாடி சிஸ்டர் கடைசியில், "நீங்களே வந்து போடுங்கம்மா, நான் பக்கத்துல நிக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து எடை போடுவது அக்காதான். குழாயின் நுனியை ஒருவர் பிடித்துக்கொள்ளவேண்டும், துணி அத்தனையும் கழற்றவேண்டும். குளிர் பட்டதும் நம் மகாராணி வார்டு இரண்டாகும்படி அழுவாள். கை காலை உதறுகிறவரை தராசில் எண் துள்ளிக்கொண்டே இருக்கும். அவள் அடங்கினால்தான் எண் அடங்கும். அக்கா குனிந்து அவள் காதுக்குள் ஏதோ சொல்வாள், என்னவென்று யாருக்கும் கேட்காது. மெல்ல அடங்குவாள். நான் கதவுக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போகவும் தைரியம் இல்லை.

நேற்று அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "ஏய் நதிமூலம், உள்ள வா. நீயும் உன் கண்ணால பாரு. அப்பறம் வந்து உத்தேசம் அது இதுன்னு சொன்னே, தொலைச்சிடுவேன்" என்றாள். அவள் என்னைத் திட்டி எத்தனை நாளாயிற்று! ஓடிப்போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டேன். எண் துள்ளியது, நின்றது. முந்தின நாளைவிடப் பதினைந்து கிராம் கூட.

பதினைந்து கிராம் என்பது எவ்வளவு என்று பிறகு வீட்டில் எடுத்துப் பார்த்தேன். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர், அவ்வளவுதான். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்துப் பக்கத்துத் தொட்டில் அம்மா பயந்துபோனாள். துணி மடித்த அன்று நான் சொல்லாததைப் பற்றி அக்கா இன்னும் எதுவும் பேசவில்லை. பேசுவாள். அவள் பேசட்டும் என்று காத்திருக்கிறேன். அந்த எண்ணைத் தானே எழுதி உங்களுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாள். வந்ததும் சாக்லேட் கொடுக்கலாம், ஆளுக்குப் பாதி போதும்.

இனி, அக்காவுக்குத் தெரியாமல் நீங்கள் எனக்கு அனுப்பிய வரிக்கு வருகிறேன். "உண்மையச் சொல்லு, பொழச்சுக்குவாளா?" என்று கேட்டிருந்தீர்கள். அதை எழுத உங்களுக்கு எப்படி இருந்திருக்குமோ, படிக்க எனக்கும் அப்படித்தான் இருந்தது. நடுக்கடலில் யாரிடமும் சொல்ல முடியாமல் இதை வைத்துக்கொண்டு கம்பி இழுத்துக்கொண்டிருக்கிறீர்களே என்று நினைத்தேன். டாக்டரம்மாவை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்மா. ஆனா போன வாரம் எனக்கு இருந்த பயம் இப்ப இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து நேராக என் காதுக்கு வந்தது, நடுவில் யாரும் இல்லை, ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை. தராசு சொன்னதை மேலே எழுதிவிட்டேன். அளந்தும் கேட்டும் என்னிடம் இருப்பது இவ்வளவுதான் அத்தான்.

அளக்காமல் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டுக்கு வருவாள். நீங்கள் கரை இறங்கும்போது அக்காவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, இது யார் புது ஆள் என்று உங்களை முறைத்துப் பார்ப்பாள். இதை யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

என்றும் பிரியமுள்ள,
உங்கள் கொழுந்தியாள்